கீழ்த்தளத்து விளக்குகள்

ஜனவரி 9

மாப்பிள்ளைக்கு,

பதினோரு வருஷம் வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும் என்று நினைக்கிறேன். நான் பேசாமல் இருந்ததில் லாபம் அடைந்தவர் நீங்கள்.

உங்கள் கடிதம் வந்தது. உறையின் மேல் உங்கள் எழுத்தைப் பார்த்ததும் யாரோ போய்விட்டார்கள் என்றுதான் பிரித்தேன். பார்த்தால், நேற்று மாலை பேசிவிட்டுப் பிரிந்தவர்கள் மாதிரி, "மச்சான், கப்பல் மாடல் கிட் எது வாங்கலாம்?" என்று ஆரம்பித்திருக்கிறீர்கள். உங்கள் நெஞ்சழுத்தம் யாருக்கும் வராது.

இங்கே எல்லோரும், அதாவது நான் ஒருவன், நலம். ஃபேனும் இஸ்திரிப் பெட்டியும் ரிப்பேர் செய்கிற கடையில் பின்னறையில் ஒரு மேசை எனக்கு. கடைக்காரர் என்னைக் "கப்பல்" என்றுதான் கூப்பிடுகிறார். "கப்பல், இந்த ஃபேன் முனகுது, என்னன்னு கேளுங்க" என்பார். தங்கையும் பாப்பாவும் எப்படி இருக்கிறார்கள் என்று எழுதுங்கள். நீங்கள் நன்றாக இருப்பது தாளிலேயே தெரிகிறது. "ஒயரிங் மேலாளர்" என்று அச்சடித்த தாள். அன்றைக்கு வெறும் சூப்பர்வைசர்.

என்னிடம் கேட்பதற்குக் காரணம் புரிகிறது. கப்பலில் ஏறக் கூடாது என்று லைசென்ஸைப் பறித்த பிறகு, மேசை மேல் கப்பல் கட்டிக்கொண்டிருப்பவன் நான் என்று தங்கை சொல்லியிருப்பாள். உங்கள் கப்பல் யார்டு முதலாளி, பெரியவர், கட்டியிருக்கும் புதுப் பயணிகள் கப்பல் ஜூன் நாலாம் தேதி முதல் பயணம் போகிறது. அதற்குள் ஆபீஸ் வாசலில் விளக்கு எரியும் மாடல் ஒன்று வேண்டும். அதை நீங்களே செய்வதாக ஒப்புக்கொண்டுவிட்டீர்கள். சரி.

எழுநூறில் ஒன்று அளவு வேண்டாம். கையகலம்தான் இருக்கும், ஒயர் விடக் கையும் போகாது, கண்ணும் போகாது. மரத்தில் வருவது அழகு, ஆனால் நாலு மாதத்தில் முடியாது. கடைக்காரர் போர்க்கப்பல் பெட்டியை எடுத்து நீட்டுவார், அட்டைப் படத்தைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். பயணிகள் கப்பல், பிளாஸ்டிக், நூற்றைம்பதில் ஒன்று. உங்கள் தொண்ணூறு மீட்டருக்கு மேசையில் இரண்டடி நீளம் வரும். பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். தளங்கள் தனித்தனிப் பலகையாக இருக்க வேண்டும். ஜன்னல்கள் வெறும் பள்ளமாக இல்லாமல் துளையாக இருக்க வேண்டும். ஒரே வார்ப்பாக இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். உள்ளே பார்க்க முடியாத கப்பலை வாங்காதீர்கள்.

இதை எழுதும்போது பழைய கப்பல் ஞாபகம் வருவதைத் தடுக்க முடியவில்லை. உங்கள் யார்டில் பழுது பார்த்து வந்த ஆறாம் மாதம் அதன் சமையலறையில் தீப்பிடித்தது. மெயின் விளக்கு போனால் அவசர விளக்கு எரிய வேண்டும். இரண்டும் ஒரே நொடியில் போயின. பகல் இரண்டு மணி, ஆனால் கீழ்த்தளத்தில் பகலேது? படிக்கட்டு எந்தப் பக்கம் என்று தெரியாமல் நாலு பேர் செத்தார்கள். விசாரணையில் நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு சொன்னீர்கள்: "எங்க கையை விட்டுப் போறப்ப ரெண்டு கேபிளும் தனித்தனியாத்தான் போச்சு. அப்புறம் கப்பல்ல யாரு என்ன மாத்துனாங்களோ." கப்பலில் மின் அதிகாரி நான் ஒருவன்தான். பின் வரிசையில் தங்கை உட்கார்ந்திருந்தாள். பாப்பாவுக்கு அன்று பள்ளிக்கூடம் லீவு போலிருக்கிறது, மடியில் படுத்திருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை.

கிட் வாங்கியதும் எழுதுங்கள்.

அன்புடன்தான்,
மச்சான்


ஜனவரி 27

அன்புள்ள மச்சானுக்கு,

நீங்க பதில் போட்டதே பெரிய சந்தோஷம். இங்க எல்லாரும் சௌக்கியம். உங்க தங்கைக்கு முழங்கால் வலி மட்டும் கொஞ்சம். மாடிப்படி ஏறும்போது என்னைத் திட்டிக்கொண்டே ஏறுகிறாள், அதனால் வலி தெரிவதில்லை என்கிறாள்.

நீங்க சொன்ன மாதிரியே வாங்கியாச்சு. கடைக்காரர் போர்க்கப்பலைத்தான் முதலில் எடுத்தார். நான் பெட்டியைத் திறக்கச் சொன்னதும், "சார், பொண்ணு பாக்க வந்த மாதிரி பாக்கறீங்க" என்றார். தளம் நாலும் தனித்தனி. ஜன்னல் துளை நூற்றுப் பன்னிரண்டு. புகைபோக்கியையும் பின்பக்கத்தையும் மட்டும் வெட்டி மாற்றினால் அசல் நம்ம கப்பல்தான்.

யார்டில் எல்லாரும் கேலி. எங்க ஃபிட்டர் ஒருத்தன், கடுகு என்று பெயர், "மேனேஜர் சார் பெரிய கப்பலை விட்டுட்டு சின்னதுக்கு வந்துட்டார், அடுத்தது பாட்டிலுக்குள்ள கப்பல்தான்" என்கிறான்.

பாப்பாவுக்கு வேலை கிடைத்துவிட்டது மச்சான். அதே புதுக் கப்பலில், பயணிகளைக் கவனிக்கிற பிரிவில். கீழ்த்தளம் முழுக்க அவள் பொறுப்பு. பயிற்சி நடக்கிறது. யூனிஃபார்ம் அளவெடுத்துக்கொண்டு போனார்கள். மாமாவுக்குச் சொல்லுங்க என்று தினமும் நச்சரிக்கிறாள்.

பழையதெல்லாம் எதற்கு மச்சான். விளக்கு எப்படிப் போடுவது என்று விவரமாக எழுதுங்க. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்க.

இப்படிக்கு,
மாப்பிள்ளை


பிப்ரவரி 5

மாப்பிள்ளைக்கு,

தங்கையின் முழங்காலுக்கு நான் வருத்தப்பட்டதாகச் சொல்லுங்கள். எனக்கு இடது கண்ணில் கொஞ்சம் மங்கல், வயசு. பாப்பாவுக்கு வாழ்த்து. மனதாரத்தான் எழுதுகிறேன். கீழ்த்தளம் என்று படித்ததும் கடிதத்தைக் கொஞ்ச நேரம் மேசையில் வைத்துவிட்டேன்.

விளக்கு விஷயம். பிளாஸ்டிக் மெல்லியது, விளக்குப் போட்டால் கப்பலே காகித விளக்கு மாதிரி மினுங்கும். அதனால் ஒட்டுவதற்கு முன் உட்புறம் முழுக்கக் கறுப்பு இரண்டு பூச்சு, அதன் மேல் வெள்ளை. அப்போதுதான் வெளிச்சம் ஜன்னல் வழியாக மட்டும் வரும். அறைகளுக்கு மஞ்சள் கலந்த வெள்ளை எல்இடி. நீலம் கலந்த வெள்ளை போட்டால் ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும். இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு வரிசைக்கும் ரெசிஸ்டர் போடுங்கள். அது சூடாகும், காற்றுப் படுகிற இடத்தில் வையுங்கள், எங்கேயும் திணிக்காதீர்கள். பற்றவைத்த ஒவ்வொரு முனைக்கும் உறை. தளத்தை ஒட்டுவதற்கு முன் இரண்டு நாள் தொடர்ந்து எரியவிட்டுப் பாருங்கள்.

இன்னொன்று. என் ஆசை என்று வைத்துக்கொள்ளுங்கள். விளக்குகளை இரண்டு கூட்டமாகப் பிரியுங்கள். மெயின் விளக்குக்குச் சுவரிலிருந்து மின்சாரம். அவசர விளக்குக்குப் பின்பக்கத்தில் தனியாக ஒரு சின்ன பேட்டரி. ஒரு பொத்தானை அமுக்கினால் மெயின் அணையும், படிக்கட்டுகளில் மட்டும் ஆறேழு சின்ன விளக்கு நிற்கும். பெரியவர் வருகிறவர்களுக்கெல்லாம் அமுக்கி அமுக்கிக் காட்டுவார். உங்களுக்கு நல்ல பெயர்.

ஒட்டுவதற்கு முன் ஒயர் போகும் படத்தை எனக்கு அனுப்புங்கள். கையால் போட்டதே போதும்.

மச்சான்


மார்ச் 14

அன்புள்ள மச்சானுக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கணும். யார்டில் கடைசிக் கட்ட வேலை, மூச்சுவிட நேரமில்லை. நிஜக் கப்பலில் கேபிள் போகிற கூரைக்கு மேற்பலகை எல்லாம் அடித்து மூடிக்கொண்டு வருகிறோம். ஆய்வு அலுவலகத்துக்காரர்கள் இரண்டு தடவை வந்தார்கள், படத்தைப் பார்த்தார்கள், திருப்தியாகப் போனார்கள். இங்க எல்லாரும் சுகம். உங்க கண்ணை டாக்டரிடம் காட்டினீர்களா?

இரண்டு கூட்ட யோசனை பெரியவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. "நம்ம கப்பல்ல எப்படியோ அப்படியே இருக்கணும், வித்தியாசம் இருக்கக் கூடாது" என்றார். எனக்கும் அது வசதி. ஒயர் எங்கே போகணும் என்று தனியாக யோசிக்க வேண்டியதில்லை. கப்பலில் இழுத்ததை அப்படியே சின்னதாக்கிவிட்டேன். படம் உள்ளே வைத்திருக்கிறேன். பேட்டரி பின்பக்கம், நீங்க சொன்ன மாதிரி. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் முடித்துவிடுவேன். பத்து நாளில் தளத்தை ஒட்டிவிடலாம்.

பாப்பா யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று, "பயணிகள் கவனத்துக்கு" என்று பேசிப் பழகுகிறாள். உங்க தங்கை, "முதல்ல தட்டைக் கழுவி வை, அதுதான் என் கவனத்துக்கு" என்கிறாள்.

மாப்பிள்ளை


மார்ச் 20

மாப்பிள்ளைக்கு,

நலம் விசாரிப்பு அடுத்த கடிதத்தில். தளத்தை ஒட்டாதீர்கள்.

உங்கள் படத்தை நாலு நாளாகப் பார்க்கிறேன். மெயின் ஒயர் முன்பக்கத்திலிருந்து வருகிறது. பேட்டரியிலிருந்து அவசர விளக்கு ஒயர் பின்பக்கத்திலிருந்து வருகிறது. சமையலறைக்கு மேலே, படிக்கட்டிலிருந்து மூன்றாவதாக நீங்கள் குறித்திருக்கும் மேற்பலகைக்கு வந்ததும் இரண்டும் ஒரே குழாய்க்குள் நுழைகின்றன. அங்கிருந்து படிக்கட்டுவரை ஒரே குழாய். மின்சாரம் இரண்டு இடத்திலிருந்து வந்து என்ன பயன்? அந்த ஒரு சாண் இடத்தில் ஏதாவது நடந்தால் இரண்டும் சேர்ந்து போகும்.

கையால் போட்ட படம் கேட்டேன். நீங்களும் கையால்தான் போட்டிருக்கிறீர்கள். ஆய்வு அலுவலகத்துக்குக் கொடுக்கிற படத்தில் ஒரு கேபிள் இடப்பக்கமும் ஒரு கேபிள் வலப்பக்கமும் போகும், அது எனக்குத் தெரியும். அந்தப் படத்தைப் பார்த்து நீங்கள் இதை வரையவில்லை. இழுத்ததை வரைந்திருக்கிறீர்கள். உங்கள் யார்டில் அப்படித்தான் வழக்கம். குழாய்க்குள் இழுகயிறு ஒரு தடவை போய்விட்டால் இரண்டையும் அதோடு கட்டி இழுத்துவிடுவீர்கள். மறுபக்கம் தனியாக இழுக்க மூன்று நாள் ஆகும்.

மாடலில் இரண்டாவது ஒயரை வலப்பக்கச் சுவரோரமாகத் தனியாகக் கொண்டுபோங்கள். பத்து நிமிஷ வேலை.

நிஜத்தில் எத்தனை நாள் வேலை என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

மச்சான்


ஏப்ரல் 2

மச்சானுக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்க கடிதம் வருவதற்கு முதல் நாளே ஒட்டிவிட்டேன். இப்போது திறந்தால் பெயிண்ட் எல்லாம் போய்விடும். மாடல்தானே மச்சான். இதில் யார் பயணம் போகப் போகிறார்கள்.

பெரியவர் வந்து பார்த்தார். பொத்தானை இருபது தடவை அமுக்கியிருப்பார், குழந்தை மாதிரி. பதினைந்தாம் தேதி ஆபீஸ் வாசலில் வைக்கிறோம்.

வேலை அதிகம். பிறகு விவரமாக எழுதுகிறேன்.

மாப்பிள்ளை


ஏப்ரல் 19

அன்புள்ள அண்ணா,

எப்படி இருக்கே? உனக்குக் கடிதம் எழுத எனக்கு என்ன உரிமை இருக்குன்னு தெரியலை. பதினோரு வருஷமா நீயும் எழுதலை, நானும் எழுதலை. நீ இவருக்கு எழுதறது தெரிஞ்சதும் ஒரு ஓரமா சந்தோஷமா இருந்தது. கண்ணு மங்கலா இருக்குன்னு இவர் சொன்னார். டாக்டரைப் பாரு, நீயே கழட்டி ரிப்பேர் பண்ணிக்காதே.

ஒரு விஷயம் கேக்கணும். பதினைஞ்சாம் தேதி அந்தக் குட்டிக் கப்பலை ஆபீஸ்ல வெச்சாங்க. நாங்களும் போயிருந்தோம். கண்ணாடிப் பெட்டிக்குள்ள அவ்வளவு அழகு. காலைல பத்து மணிக்கு ஸ்விட்சைப் போட்டாங்க, பேச்செல்லாம் முடியவே ஒன்றரை மணி நேரம் ஆச்சு. பாப்பாவைக் கூப்பிட்டு, "நீதான் கீழ்த்தளப் பொண்ணு, நீ அமுக்கும்மா"ன்னு பெரியவர் சொன்னார். அவ பொத்தான் பக்கம் கையைக் கொண்டு போறா, இன்னும் தொடக்கூட இல்லை, எல்லா விளக்கும் ஒண்ணா அணைஞ்சுது. படிக்கட்டு விளக்கு, அந்தச் சின்னச் சின்னது, அதுவும் போச்சு. பிளாஸ்டிக் கருகற நாத்தம். சமையலறை இருக்கற இடத்துல மேல்தளம் கட்டைவிரலால அமுக்கின மாதிரி உள்ளே குழிஞ்சுபோச்சு.

எல்லாரும் சிரிச்சாங்க. பெரியவர்கூட, "நிஜக் கப்பல் நல்லா இருந்தா சரி"ன்னார். இவர் மட்டும் சிரிக்கலை. கண்ணாடிப் பெட்டியைப் பிடிச்சுக்கிட்டு நின்னார்.

வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் சாப்பிடலை. கேட்டா வயிறு சரியில்லைங்கறார். நேத்து அந்த மாடலை வீட்டுக்குக் கொண்டுவந்து, கத்தியால மேல்தளத்தை அறுத்துத் திறந்து, உள்ளே பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருந்தார். நான் எட்டிப் பார்த்தேன். ஒரு குழாய் உருகி, ஒயரெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு, அவ்வளவுதான். "இதுக்கா இவ்வளவு?"ன்னு கேட்டேன். "இதுக்குத்தான்"னார்.

அண்ணா, ஒரு பொம்மைக் கப்பல்ல விளக்குப் போனதுக்கு ஒரு மனுஷன் ஏன் இப்படி ஆகணும்? உனக்குத் தெரிஞ்சா சொல்லு. ஜூன் நாலாம் தேதி பாப்பா கப்பல் ஏறறா. அறுநூறு பேராம் முதல் பயணத்துல. எல்லா டிக்கெட்டும் வித்துடுச்சாம்.

உன் தங்கை


ஏப்ரல் 25

மாப்பிள்ளைக்கு,

சாப்பிடுகிறீர்களா? தங்கை எழுதியிருந்தாள். அவளுக்கு நான் இன்னும் பதில் போடவில்லை. உங்கள் பதிலைப் பார்த்துவிட்டுப் போடலாம் என்று இருக்கிறேன்.

ரெசிஸ்டரையும் அந்தக் குழாய்க்குள்ளேயே திணித்திருப்பீர்கள், வேறெதுவும் அப்படிச் சூடாகாது. ஒன்றரை மணி நேரத்தில் உருகிவிட்டது. சமையலறைக்கு மேலே, அதே இடம். யாரையும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. ஒரு கேள்விதான். புதுக் கப்பலில் சமையலறைக்கு மேலே இரண்டு கேபிளும் ஒரே குழாயிலா?

ஆமாம் என்றால் இன்னும் நாற்பது நாள் இருக்கிறது. நீங்களே பெரியவரிடம் போங்கள். மறுபடி சரிபார்த்தேன், ஒரு பிழை கண்ணில் பட்டது, பத்து நாள் தள்ளிப் போடலாம் என்று சொல்லுங்கள். கொஞ்சம் கத்துவார். பிறகு உங்களைத்தான் மெச்சுவார். பலகையைக் கழற்றி, ஒரு கேபிளை மறுபக்கம் மாற்றி, மூடிவிடுங்கள். யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம்.

பழைய கப்பலைப் பற்றி நான் ஆயுசுக்கும் பேச மாட்டேன். என் பெயரை மீட்டுத் தாருங்கள் என்று கேட்க மாட்டேன். இதை எழுத எனக்கு எவ்வளவு கசக்கிறது என்று உங்களுக்குத் தெரியும், என்னை நன்றாக அறிந்தவர் நீங்கள். ஆனாலும் எழுதிவிட்டேன்.

"திறந்துவிட்டேன்" என்று ஒரு வரி போதும்.

மச்சான்


மே 20

அன்புள்ள மச்சானுக்கு,

நலம், உங்க நலத்துக்கு வேண்டிக்கொள்கிறேன். உங்க கடிதம் வந்தது. பதில் எழுதச் சமயம் கிடைக்கவில்லை. இங்கே வெயில் கடுமை. உங்க தங்கைக்கு முழங்காலுக்கு ஒரு புதுத் தைலம் வாங்கினோம், பரவாயில்லை என்கிறாள். எனக்கு வயிறு சரியாகிவிட்டது.

மாடலைச் சரிசெய்து மறுபடி வைத்தாயிற்று. அவசர விளக்கு இல்லாமல், வெறும் மெயின் விளக்கு மட்டும். பொத்தானையும் எடுத்துவிட்டேன். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை.

நிஜக் கப்பலுக்குச் சான்றிதழ் வந்துவிட்டது. உள்வேலை எல்லாம் முடிந்து, வர்ணம் அடித்து, நாற்காலி போட்டாயிற்று. பெரியவர் தேதியைப் பேப்பரில் போட்டுவிட்டார். இனி யார் சொன்னாலும் தேதி மாறாது.

பாப்பாவைக் கரைக்கு மாற்றிவிட்டேன். டிக்கெட் கவுண்டரில் வேலை. பெரியவரிடம் கேட்டு நானே ஏற்பாடு செய்தேன். அவள் அழுகிறாள், என்னோடு பேசுவதில்லை. சின்னப் பெண், சரியாகிவிடும்.

கண்ணைப் பார்த்துக்கொள்ளுங்க.

மாப்பிள்ளை


மே 26

அண்ணா,

நீ அனுப்பின ரெண்டு வரிக் கடிதம் கிடைச்சுது. "பாப்பாவை ஏன் கரையில் நிறுத்தினார் என்று கேள்" அவ்வளவுதான் எழுதியிருக்கே. எப்படி இருக்கேன்னுகூடக் கேக்கலை.

கேட்டேன். மொதல்ல, பொம்பளைப் புள்ளைக்குக் கடல் வேலை எதுக்குன்னார். பயிற்சிக்கு அனுப்பறப்ப அது தெரியலையான்னேன். அப்புறம் துண்டை எடுத்துத் தோள்ல போட்டுக்கிட்டார். "அவ அதுல போக வேண்டாம்"னார். "அப்ப மத்தவங்க?"ன்னேன். எழுந்து குளிக்கப் போயிட்டார்.

எனக்கு எல்லாம் புரிஞ்சுடுச்சு அண்ணா. புதுசு மட்டுமில்லை, பழசும் புரிஞ்சுடுச்சு. விசாரணையில நீ ஏன் வாயைத் திறக்கலைன்னும் புரியுது. எனக்காகத்தான். அதுக்கு நான் என்ன கைம்மாறு செய்யப் போறேன்.

ஆனா கும்பிட்டுக் கேக்கறேன், நீ ஒண்ணும் செஞ்சுடாதே. இவரை ஜெயில்ல போட்டுடுவாங்க. பழைய கப்பல்ல செத்த நாலு பேரும் சேர்ந்து இவர் தலையில விழுவாங்க. அந்தக் குழாய் இருபது வருஷம் ஒண்ணும் ஆகாமலே இருக்கலாம் இல்லையா? எத்தனை கப்பல் அப்படி ஓடுதோ. எனக்கு இருக்கறது இந்த ஒரு வீடு. இத்தனை நாள் பொறுத்தே, இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கோ.

உன் தங்கை


மே 29

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் உன் முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்டுவிடுகிறேன். போன கடிதத்தில் கேட்காதது தப்பு. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. கண் டாக்டர் புரை என்கிறார், அவசரமில்லையாம்.

நீ கேட்டதை என்னால் செய்ய முடியாது. ஏன் என்று சொல்ல வேண்டிய கடமை இருக்கிறது. அதற்கு உன் கடிதத்தில் ஒரு வரியைத் திருத்த வேண்டும். விசாரணையில் நான் வாயைத் திறக்காதது உனக்காக இல்லை.

யார்டிலிருந்து கப்பலை எடுத்துக்கொள்ளும்போது மின் அதிகாரி ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் பலகையைக் கழற்றி, உள்ளே கேபிள் எப்படிப் போகிறது என்று கண்ணால் பார்த்து, எதிரே கையெழுத்து. மொத்தம் முப்பத்தெட்டு இடம். நான் முப்பத்தேழைத் திறந்து பார்த்தேன். கடைசியில் சமையலறை. கீழே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, பலகை சுட்டது. சமையல்காரர், "ஐயா, ஏணியோட நடுவுல நிக்காதீங்க, ஒண்ணு சாப்பிட வாங்க, இல்லை வெளியே போங்க" என்றார். எனக்கும் பசி. உன் புருஷன் பக்கத்தில்தான் நின்றார். "எல்லாம் அதே மாதிரிதான் மச்சான், போடுங்க" என்றார். ஏணியிலிருந்து இறங்கி, "திறந்து பார்க்கப்பட்டது" என்பதற்கு எதிரே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்ச் சாப்பிட்டேன். ஆறு மாதம் கழித்துப் படிக்கட்டைத் தேடிச் செத்த நாலு பேரில் அந்தச் சமையல்காரரும் ஒருவர்.

யார்டிலேயே ஒரே குழாயில்தான் இழுத்தார்கள் என்று நான் விசாரணையில் சொல்லியிருந்தால், நீ திறந்து பார்த்தாயா என்பதுதான் அடுத்த கேள்வி. பார்த்தேன் என்றால் ஏன் வாங்கிக்கொண்டாய் என்பார்கள். பார்க்கவில்லை என்றால் அது என்ன கையெழுத்து என்பார்கள். பேசாமல் இருந்தால், அனுதாபமாவது மிஞ்சும் என்று பேசாமல் இருந்தேன். பதினோரு வருஷமாக உன் புருஷனை வெறுத்ததில் எனக்கு ஒரு சௌகரியம் இருந்தது. அந்த நேரத்தில் என்னைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை. இந்த வருஷம் அவருக்குப் பதில் போட்டதும், இரண்டு கூட்டமாக விளக்குப் போடச் சொன்னதும், படம் கேட்டதும், நல்ல எண்ணத்தோடுதான் என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். எங்கேயாவது வழுக்கி விழுவார், பிடித்துக்கொள்ளலாம் என்றுதான் ஆரம்பித்தேன். பிடித்த பிறகுதான் கையில் இருப்பது என்ன என்று தெரிந்தது.

அறுநூறு பேர், தங்கச்சி. நீயே கேட்டாயே, "அப்ப மத்தவங்க?" என்று. அவர் குளிக்கப் போய்விட்டார். நானும் அப்படிப் போனவன்தான். இந்தத் தடவை முடியாது.

ஆய்வு அலுவலகத்துக்கு நாலு வரி எழுதியிருக்கிறேன். உனக்குத் தெரியாமல் செய்ததாக இருக்கக் கூடாது, அதனால் அப்படியே தருகிறேன்:

"ஜூன் 4 அன்று முதல் பயணம் செல்லவிருக்கும் பயணிகள் கப்பலில், கீழ்த்தளச் சமையலறைக்கு மேலே, படிக்கட்டிலிருந்து மூன்றாவது மேற்பலகையைக் கழற்றிப் பார்க்கவும். மெயின் கேபிளும் அவசர விளக்குக் கேபிளும் ஒரே குழாயில் செல்கின்றன. ஒப்புதல் படத்தில் இவை தனித்தனி. படத்தைப் பார்க்க வேண்டாம், பலகையைக் கழற்றவும்."

உன் புருஷன் பெயர் அதில் இல்லை. ஆனால் பலகையைக் கழற்றினால் பெயர் தானாக வரும். அதை என்னால் தடுக்க முடியாது. இந்தக் கடிதத்தை அவரிடம் காட்டு. அவர் எனக்கு முன்னால் ஓடிப்போய்ச் சொல்லிவிட்டால் அவருக்கு நல்லது. எனக்கு அதில் ஒரு துளிகூட வருத்தம் இருக்காது. இருக்கும், ஆனால் காட்டிக்கொள்ள மாட்டேன். உனக்குக் கிடைக்க இரண்டு நாள், அவர்களுக்குக் கிடைக்கவும் இரண்டு நாள்.

பாப்பாவிடம் மாமா கேட்டதாகச் சொல். நீ இனி எனக்கு எழுத மாட்டாய் என்று தெரியும்.

உன் அண்ணன்

பி.கு. அந்த நாலு வரிக்குக் கீழே முதலில் என் முழுப் பெயரையும், பழைய பதவியையும், ரத்தான லைசென்ஸின் எண்ணையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இத்தனை வருஷம் கழித்து ஒரு தடவையாவது பார்த்ததற்குக் கையெழுத்துப் போடலாமே என்று ஆசை. பிறகு யோசித்தேன். நான் வேலையில் இருந்தபோது பெயரோடு புகார் வந்தால் ஆள் யார், என்ன பகை என்று விசாரிப்போம். மொட்டைக் கடிதம் வந்தால்தான் பயந்துபோய் ஏணியைத் தூக்கிக்கொண்டு ஓடுவோம். என் பெயரைக் கண்டால் அவர்கள் பழைய கோப்பைத் தேடுவார்கள், வேலை போனவனின் வயிற்றெரிச்சல் என்று சிரிப்பார்கள், மாப்பிள்ளை மச்சான் சண்டை என்று மூடிவைப்பார்கள், அதற்குள் நாலாம் தேதி வந்துவிடும். அந்தத் தாளைக் கிழித்துவிட்டு நாலு வரியை மட்டும் திரும்ப எழுதினேன். கையெழுத்துப் போடாமலே தபாலில் சேர்க்கிறேன்.